வைர வயலில் ஒரு நாள்

ஆர்கன்சா மாநிலத்தின் தென்மேற்கே, மர்ஃப்ரீஸ்பரோ என்ற சிற்றூருக்கு இரண்டு மைல் தள்ளி, சுமார் 37 ஏக்கர் உழுத நிலம் இருக்கிறது. அதில் பயிர் எதுவும் வைப்பதில்லை. நுழைவுச் சீட்டு வாங்கிய யாரும் உள்ளே போகலாம், தோண்டலாம், சலிக்கலாம். வைரம் கிடைத்தால் அது கிடைத்தவருக்கே சொந்தம். மாநில அரசு அதில் பங்கு கேட்பதில்லை. கிரேட்டர் ஆஃப் டயமண்ட்ஸ் ஸ்டேட் பார்க் என்பது அந்த இடத்தின் பெயர். டாலஸ் வட்டாரத்தில் இருக்கும் தமிழ்க் குடும்பங்கள் நான்கு மணி நேரத்துக்குள் போய்ச் சேர்ந்துவிடலாம். பள்ளிப் பிள்ளைகள் உள்ள வீட்டுக்கு அந்தப் பக்கத்தில் இதைவிட நல்ல வார இறுதிப் பயணம் எனக்குத் தெரிந்து இல்லை.

மணிக்கல் தேடும் இடங்கள் அமெரிக்காவில் இன்னும் பல உண்டு. வட கரோலைனாவின் ஃபிராங்க்ளின் ஊரைச் சுற்றி மாணிக்கமும் நீலமும் தேடலாம். அதே மாநிலத்தின் ஹிட்டனைட்டில் மரகதம். நியூயார்க் மாநிலத்தின் ஹெர்கிமர் பகுதியில் சுத்தியலால் பாறையை உடைத்து, இரு முனையும் கூரான குவார்ட்ஸ் படிகங்களை எடுக்கலாம். எங்கே போனாலும் முதலில் ஒன்றைக் கேட்டுக்கொள்ளுங்கள்: வாளியில் தரும் மண் அந்த நிலத்து மண்தானா, வெளியிலிருந்து மொத்தமாக வாங்கிய கல்லைக் கலந்ததா? கலந்த வாளியை விற்கும் இடங்கள் நிறைய. ஐந்து வயதுக் குழந்தைக்கு அது போதும். எந்த வாளியிலும் ஏதாவது நிறமுள்ள கல் நிச்சயம் இருக்கும். பத்து வயதைத் தாண்டிய பிள்ளை விஷயத்தைக் கண்டுபிடித்துவிடும், அதோடு ஆர்வமும் போய்விடும். மர்ஃப்ரீஸ்பரோவில் யாரும் எதையும் கலப்பதில்லை. பூமி கொண்டுவந்து போட்டதுதான் அங்கே கிடக்கிறது. அதனால்தான் பலருக்குக் கிடைப்பதில்லை. கிடைத்தவருக்கு அது அவ்வளவு பெரிய சந்தோஷம்.

வைரம் அங்கே எப்படி வந்தது

பிள்ளைகள் காரிலேயே இந்தக் கேள்வியைக் கேட்பார்கள், பதிலைத் தெரிந்துகொண்டு போங்கள். வைரம் தரைக்குக் கீழே சுமார் நூறு மைல் ஆழத்தில், கடும் அழுத்தத்திலும் வெப்பத்திலும் கரிமம் படிகமாகி உண்டானது. சுமார் 10 கோடி ஆண்டுகளுக்கு முன் இந்த இடத்தில் ஓர் எரிமலை வாய் வெடித்துத் திறந்தது. வேகமாக மேலேறிய பாறைக் குழம்பு, வழியிலிருந்த வைரங்களையும் அள்ளிக்கொண்டு வந்தது. அந்தக் குழம்பு இறுகிய பாறைக்கு லாம்ப்ராய்ட் என்று பெயர். பிறகு மழையும் வெயிலும் பாறையைக் கரைத்து மண்ணாக்கின. வைரம் கரையாது, அதனால் மண்ணிலேயே தங்கிவிட்டது. நீங்கள் கால் வைக்கும் நிலம் அந்த எரிமலைக் குழாயின் மேல்வாய்.

1906 ஆகஸ்டில் ஜான் ஹடில்ஸ்டன் என்ற விவசாயி தன் நிலத்தில் முதல் வைரங்களைக் கண்டெடுத்தார். அடுத்த சில பத்தாண்டுகளில் பல நிறுவனங்கள் அங்கே சுரங்கத் தொழில் நடத்திப் பார்த்தன. எதுவும் லாபத்தில் நிலைக்கவில்லை. அதன் பிறகு காசு வாங்கிக்கொண்டு மக்களைத் தேட விடும் தனியார் இடமாக இருந்தது. 1972இல் மாநில அரசு வாங்கிப் பொதுப் பூங்காவாக்கியது. சுரங்கக் காலத்தில், 1924இல் எடுக்கப்பட்ட ‘அங்கிள் சாம்’ வைரத்தின் எடை 40.23 காரட். அமெரிக்காவில் கிடைத்த வைரங்களில் இன்றுவரை அதுவே பெரியது. பூங்காவான பிறகு ஒரு பார்வையாளர் எடுத்ததில் பெரியது 16.37 காரட், 1975இல் டெக்சஸின் அமரில்லோவிலிருந்து வந்தவருக்குக் கிடைத்தது.

இந்த எண்களைப் பிள்ளைகளிடம் சொல்லுங்கள், கூடவே இதையும் சொல்லுங்கள். 1972க்குப் பிறகு பார்வையாளர்கள் எடுத்த வைரங்கள் 35,000க்கு மேல். கேட்க அதிகமாகத் தெரியும். நாள் கணக்கில் பார்த்தால் முழு வயலுக்கும் சராசரியாக ஒன்றோ இரண்டோதான். அவற்றிலும் பெரும்பாலானவை கால் காரட்டுக்குள் அடங்கும், தீக்குச்சித் தலையளவு. அன்று வயலில் நூற்றுக்கணக்கான பேர் இருக்கலாம். வீடு திரும்பும் குடும்பங்களில் அநேகம் வைரமில்லாமல்தான் திரும்பும். இதைப் புறப்படும்போதே பேசிவிட வேண்டும். மாலை நான்கு மணிக்கு, வெயிலில் வாடிய பிள்ளையிடம் பேசிப் பயனில்லை.

எப்போது போவது

மழைக்கு மறுநாள். இந்த அத்தியாயத்தில் ஒரே ஒரு வரியை நினைவில் வைத்துக்கொள்ளக் கேட்டால் இதைத்தான் கேட்பேன். பலத்த மழை மேல்மண்ணைக் கழுவி இறக்கும், எடையுள்ள கற்கள் மேலே தெரியும்படி நின்றுவிடும். அடுத்து வெயில் அடித்தால் வைரம் தானே மின்னும். ஆந்திராவின் கர்னூல் மாவட்டத்தில் துக்கலி, ஜொன்னகிரி பக்கத்துக் காடுகளில் பருவமழையின் முதல் சாரல் விழுந்ததும் ஊர் ஊராக மக்கள் குடும்பத்தோடு வந்து நிலத்தை உற்றுப் பார்த்து நடப்பதும் இதே காரணத்தால்தான். பூங்கா நிர்வாகம் வயலை அவ்வப்போது உழுதுவிடுகிறது. உழவு, பின் மழை, பின் வெயில் என்று மூன்றும் அமைந்தால் உங்களுக்கு அதிர்ஷ்டம். கடைசியாக உழுத தேதியைத் தொலைபேசியில் கேட்டால் சொல்வார்கள்.

ஜூன் முதல் ஆகஸ்ட் வரை தவிர்க்க முடிந்தால் தவிருங்கள். வயலில் மர நிழல் கிடையாது, ஆர்கன்சாவின் கோடை புழுக்கம் நிறைந்தது. மார்ச் கடைசி முதல் மே நடுப்பகுதி வரையும், அக்டோபர், நவம்பரும் நல்ல காலம். டெக்சஸ் பள்ளிகளின் வசந்த விடுமுறை வாரத்தில் கூட்டம் நெரியும். கூட்ட நாட்களில் சீட்டு எண்ணிக்கைக்கு வரம்பு உண்டு, இணையத்தில் முன்பே வாங்கிவிடுவது நல்லது. ஆறு வயதுக்குக் கீழுள்ள பிள்ளைகளுக்குக் கட்டணமில்லை.

வழி பற்றி ஒரு எச்சரிக்கை. டென்னசி மாநிலத்தில் இதே மர்ஃப்ரீஸ்பரோ என்ற பெயரில் மிகப் பெரிய ஊர் ஒன்று உண்டு. வரைபடத்தில் ஊர்ப் பெயரை மட்டும் தட்டாமல் பூங்காவின் பெயரைத் தட்டுங்கள். டாலஸிலிருந்து ஐ-30 நெடுஞ்சாலையில் டெக்சர்கானா தாண்டி ஹோப் வரை வந்து, வடக்கே திரும்பி நாஷ்வில் வழியாகப் போக வேண்டும். (இதுவும் ஆர்கன்சாவின் நாஷ்வில்தான்.) லிட்டில் ராக்கிலிருந்து வருபவர்களுக்கு இரண்டு மணி நேரம். முந்தின இரவே வந்து பூங்காவின் கூடார இடத்திலோ பக்கத்து ஊர்களிலோ தங்கினால், கதவு திறக்கும் நேரத்துக்கு வயலில் நிற்கலாம். காலை முதல் இரண்டு மணி நேரம் மதியம் முழுவதையும்விட மதிப்புள்ளது: சூரியன் தாழ்ந்திருக்கும், கல் மின்னுவது தூரத்திலிருந்தே தெரியும், பிள்ளைகளுக்கும் தெம்பு இருக்கும்.

எதை எடுத்துப் போவது

மண்வெட்டி, வாளி, சல்லடை எல்லாம் அங்கேயே வாடகைக்குக் கிடைக்கும். முதல் முறை போகும் குடும்பம் எதையும் வாங்க வேண்டியதில்லை. மோட்டாரிலோ பேட்டரியிலோ ஓடும் கருவிகளுக்கு அனுமதி இல்லை, அது நல்ல விதி. எல்லாரும் கையால்தான் தேடுகிறார்கள், எட்டு வயதுப் பெண்ணும் அனுபவசாலியும் ஒரே வயலில் ஒரே முறையில்.

வீட்டிலிருந்து கொண்டுபோக வேண்டியவை வேறு. அகல விளிம்புத் தொப்பி, நினைப்பதைவிட இரண்டு மடங்கு தண்ணீர், தோட்ட வேலைக்கான முழங்கால் திண்டு, ஆளுக்கு ஒரு மாற்றுடை. நனைந்த லாம்ப்ராய்ட் மண் களியாக ஒட்டும், துணியில் பட்டால் எளிதில் போகாது. போட்டுக் கழற்றி எறியக்கூடிய பழைய காலணியே சரி. சின்ன இடுக்கி ஒன்று. மூடி திருகும் மருந்து டப்பா ஒன்று, கிடைத்ததைப் போட்டு வைக்க. பன்னிரண்டு குழி உள்ள காலி முட்டை அட்டை பிள்ளைக்கு ஒன்று வீதம். ஏன் என்று பின்னால் சொல்கிறேன். சாப்பாட்டுக்குப் புளியோதரையும் தயிர்சாதமும் கட்டிக்கொள்ளுங்கள், கூடவே கரண்டி. எவ்வளவு கழுவினாலும் விரல் நகத்தில் மண் இருக்கும். ஊர் சிறியது, சைவச் சாப்பாட்டுக்கு அங்கே அலைய வேண்டியிருக்கும்.

தேடும் மூன்று வழிகள்

முதல் வழி கண்ணால் தேடுவது. உழுசால் ஓரமாக மெதுவாக நடந்து, இரண்டு எட்டுக்கு ஒருமுறை நின்று பார்ப்பது. சூரியனை நோக்கி நடந்தால் மினுக்கம் நன்றாகத் தெரியும். மழைக்கு அடுத்த நாள் இதற்கு இணையான வழி இல்லை. 2015இல் கொலராடோவிலிருந்து வந்த ஒரு பெண்மணி வயலில் இறங்கிச் சுமார் இருபது நிமிடத்தில் 8.52 காரட் வைரத்தை எடுத்தார். 2017இல் 14 வயதுப் பையன் ஒருவன் குடும்பத்தோடு வந்து அரை மணி நேரத்தில் 7.44 காரட் வைரத்தை எடுத்தான். அவன் தோண்டவில்லை. பள்ளிப் பிள்ளைகளை முதலில் இந்த வேலைக்கு விடுங்கள். அவர்களுக்குக் கண் கூர்மை, தரைக்கும் பக்கம்.

இரண்டாவது, காய்ந்த மண்ணைச் சலிப்பது. மண் பொலபொலவென்று இருந்தால் மட்டுமே இது நடக்கும். ஈரம் கொஞ்சம் இருந்தாலும் களி உருண்டை உருண்டையாகச் சல்லடையை அடைத்துக்கொள்ளும். ஆர்கன்சாவில் அப்படிக் காய்ந்த நாட்கள் கோடையில்தான் வரும். நான் இதைப் பரிந்துரைப்பதில்லை.

மூன்றாவது, தண்ணீரில் அரிப்பது. அரை நாளை இதற்கு ஒதுக்குங்கள். வயலின் ஓரத்தில் கூரை போட்ட பந்தல்களும் அவற்றின் கீழே தண்ணீர்த் தொட்டிகளும் இருக்கின்றன. வாளியில் மண் கொண்டுவந்து இரண்டு சல்லடைகளை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துத் தொட்டியில் முக்க வேண்டும். மேல் சல்லடையின் கண் கால் அங்குலம், கீழ்ச் சல்லடையின் கண் அதில் நான்கில் ஒரு பங்கு. களிக் கட்டிகளை விரலால் தண்ணீருக்குள்ளேயே நசுக்கிக் கரையுங்கள். மேலே நிற்கும் பெரிய கற்களை ஒருமுறை பார்த்துவிட்டுக் கொட்டிவிடலாம். பார்க்காமல் கொட்டக் கூடாது, பெரிய வைரம் அங்கேதான் நிற்கும்.

இனிக் கீழ்ச் சல்லடைதான் வேலை. வைரத்தின் அடர்த்தி தண்ணீரைப் போல மூன்றரை மடங்கு. அந்த மண்ணின் சாதாரண குவார்ட்ஸ் பருக்கையோ இரண்டரை மடங்கை ஒட்டியது. தண்ணீருக்குள் சல்லடையை மேலும் கீழுமாகக் குலுக்கி, பக்கவாட்டில் ஆட்டி, கால் சுற்றுத் திருப்பி, மறுபடி குலுக்கினால் லேசானவை விளிம்புக்குப் போகும், கனமானவை நடுவில் அடியில் சேரும். ஆலை அரிசி வருமுன் நம் வீடுகளில் தண்ணீரில் அரிசியை ஆட்டி ஆட்டிக் கல் அரித்தார்களே, அதே கைவாகு. ஊரிலிருந்து ஆறு மாதத்துக்கு வந்திருக்கும் பாட்டி இருந்தால் சல்லடையை அவர் கையில் கொடுத்துப் பாருங்கள். பந்தல் நிழலில் ஒரு மடக்கு நாற்காலி போட்டால் போதும். பேரப்பிள்ளைகள் மண் சுமக்க, பாட்டி அரிக்க, அந்த நாளின் நல்ல பகுதி பெரும்பாலும் அங்கேதான் நடக்கும்.

போதுமான அளவு குலுக்கியதும் சல்லடையை மேசைமேல் ஒரே வீச்சில் கவிழ்த்துவிட வேண்டும். தயங்கிக் கவிழ்த்தால் எல்லாம் கலந்துவிடும். சரியாக விழுந்தால் வட்டத்தின் நடுவில், இப்போது மேலே, கருஞ்சிவப்பு ஹெமடைட் துணுக்குகளும் மற்றக் கனக் கற்களும் திட்டாகத் தெரியும். அந்தத் திட்டு விழுந்தால் உங்கள் கை சரியாக அரித்திருக்கிறது என்று அர்த்தம். வைரம் இருந்தால் அங்கேயோ அதைச் சுற்றியோதான் இருக்கும். உடனே பார்த்துக் கலைக்காதீர்கள். ஈரத்தில் எல்லாக் கல்லும் மின்னும். சில நிமிடம் காற்றாட விடுங்கள். காய்ந்த பிறகும் எது மின்னுகிறதோ அதை இடுக்கியால் எடுங்கள்.

எங்கே தோண்டுவது என்று எல்லாரும் கேட்பார்கள். மழைநீர் வடிந்து ஓடும் தாழ்வான ஓடைப் பக்கங்களில் கனப் பருக்கை தங்கும், அங்கே தொடங்குங்கள். வெறும் களியை அள்ளாமல் கல் கலந்த மண்ணாக அள்ளுங்கள். ஆள் உயரக் குழி தேவையில்லை. தோண்டிய குழியைப் புறப்படுமுன் மூடிவிட வேண்டும். அங்கே சிறு பிள்ளைகள் மேலே பார்த்துக்கொண்டே ஓடுகிறார்கள். அரித்து முடிக்க நேரமில்லை என்றால், சலித்த பருக்கையை ஆளுக்கு ஐந்து கேலன் வாளி அளவு வீட்டுக்கு எடுத்துப்போக அனுமதி உண்டு. சமையலறை மேசையில் வாரக் கணக்கில் பொறுக்கலாம். சில பிள்ளைகளுக்கு வயலைவிட இதுதான் பிடிக்கிறது.

எது வைரம்

கடையில் பார்த்த வைரத்தை மனதில் வைத்துக்கொண்டு தேடினால் கண்டுபிடிக்கவே முடியாது. இந்த வயலில் கிடைக்கும், பட்டை தீட்டாத வைரத்துக்குப் பெரும்பாலும் கூரான முனை இருக்காது. வழவழப்பாக, ஓரங்கள் உருண்டு, எண்ணெய் தடவியது மாதிரியோ உலோகம் மாதிரியோ பளபளக்கும். மண் அதில் ஒட்டாது. சேற்றிலிருந்து எடுத்தாலும் சுத்தமாக இருக்கும். வெள்ளை அதிகம், அடுத்து பழுப்பு, அடுத்து மஞ்சள்.

ஆறு பக்கமாகக் கூர்ந்து நிற்பது குவார்ட்ஸ். தகடு தகடாக உரிந்து மினுக்குவது மைக்கா, ஊரில் காக்காப்பொன் என்போமே அதுதான். சாய்வுக் கட்டமாக உடைவது கால்சைட். கூரிய விளிம்போடு உடைந்திருப்பது பெரும்பாலும் யாரோ போட்ட பாட்டில் கண்ணாடி. சந்தேகம் வந்தால் சுத்தியலால் தட்டிப் பார்க்காதீர்கள். வைரம் கடினமானது என்றாலும் அடித்தால் பிளந்துவிடும். கையில் இருந்த நல்ல கல்லை அப்படித் தூளாக்க வேண்டாம். உரசியும் பார்க்க வேண்டாம்.

இப்போது முட்டை அட்டை. அந்த வயலில் வைரம் தவிர நாற்பதுக்கும் மேற்பட்ட கனிமங்களும் பாறைகளும் கிடைக்கின்றன. செந்நிற ஜாஸ்பர், பட்டை பட்டையான அகேட், செவ்வந்திக்கல், பாரைட், கால்சைட், ஹெமடைட், லாம்ப்ராய்ட் துண்டு. குழிக்கு ஒன்றாகப் பன்னிரண்டு விதக் கல்லை நிரப்ப வேண்டும் என்று பிள்ளையிடம் சொல்லிவிடுங்கள். நிரப்பிய பெட்டியோடு வரும் பிள்ளை வெறுங்கையோடு வரவில்லை. இந்த ஒரு ஏற்பாடு இல்லாததால்தான் பல குடும்பங்கள் மதியத்துக்குள் மூட்டை கட்டுகின்றன.

பொறுமை எவ்வளவு வேண்டும் என்பதற்கு அளவு சொல்ல முடியாது. இருபது நிமிடத்தில் எடுத்தவரைச் சொன்னேன். 2025 கோடையில் நியூயார்க்கிலிருந்து ஒரு பெண் தன் நிச்சயதார்த்த மோதிரத்துக்கான கல்லைத் தானே தேடி எடுப்பது என்று வந்து, மூன்று வாரம் வயலில் உழைத்து, கடைசி நாளில் 2.30 காரட் வெள்ளை வைரத்தைக் கண்டெடுத்தார். குடும்பத்தோடு போகிறவர்களுக்கு என் ஆலோசனை: காலையில் கண்ணால் தேடல், சாப்பாடு, பிறகு பந்தலில் அரிப்பு, மூன்று மணிக்கு நிறுத்தம். அதற்கு மேல் பிள்ளைகளை இழுத்துப் பிடிக்காதீர்கள். கோடையில் போனால் பூங்காவுக்குள்ளேயே நீர் விளையாட்டுத் திடல் உண்டு, மிச்ச நேரத்தை அங்கே விடுங்கள்.

சேர்த்த கற்களைக் காரில் ஏற்றுமுன் பூங்காவின் அலுவலர்களிடம் கொட்டிக் காட்டுங்கள். ஒவ்வொன்றாகப் பார்த்து எது என்ன என்று இலவசமாகச் சொல்வார்கள். வைரமாக இருந்தால் எடை போட்டுப் பதிவு செய்து அட்டை தருவார்கள். விலை மட்டும் சொல்லமாட்டார்கள். பெயர் வைப்பது கண்டெடுத்தவரின் உரிமை, அதைப் பிள்ளைக்கு விட்டுவிடுங்கள். “இது வெறும் கண்ணாடி” என்று நீங்களே முடிவுகட்டி எதையும் வயலிலேயே எறிய வேண்டாம். 2020 செப்டம்பரில் ஆர்கன்சாவைச் சேர்ந்த ஒரு வங்கி மேலாளர், கண்ணாடித் துண்டு என்று நினைத்த ஒன்றைப் பையில் போட்டு வைத்திருந்தார். கூட வந்த நண்பர்கள் தங்கள் கற்களைக் காட்டப் போனதால் அவரும் தன்னுடையதைக் காட்டினார். அது 9.07 காரட் வைரம், பூங்காவான பிறகு அங்கே கிடைத்தவற்றில் இரண்டாவது பெரியது.